பிக்கப்பில் உபரி எரிபொருளும் ரேக்கும்: பாலைவனத்துக்குக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பவர்கள் மவுண்ட் டேரில் கடைசியாக எரிபொருள் நிரப்பிக்கொள்வார்கள். அடுத்த பங்க் பேர்ட்ஸ்வில்லில். நடுவே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகளும் இருக்கின்றன. ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. உபரி எரிபொருள் இல்லாமல் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. கேன் வாங்கப் பத்து நிமிடம் போதும். அதை வண்டியில் எங்கே, எதன்மேல், எப்படிப் பொருத்துவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அங்கே யூட் என்று சொல்லப்படும் இரட்டைக் கேபின் டீசல் பிக்கப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெட்ரோல் வண்டிக்கும் எடைக்கணக்கு கிட்டத்தட்ட இதேதான். தீ ஆபத்து மட்டும் பல மடங்கு கூடும்.

கணக்குக்கு முன்பே கேன்

ரேக்கில் ஆறு கேனுக்கு இடம் இருக்கிறது என்பதற்காக ஆறு கேன் நிரப்புகிறவர்கள் உண்டு. முதலில் காகிதத்தை எடுங்கள். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் வண்டி, சுமையோடு மணலில் ஏறி இறங்கும்போது 18, 20 லிட்டர்கூடக் குடிக்கும். 500 கிலோமீட்டருக்கு 100 லிட்டர். வழி தவறினால், மேட்டில் ஏற முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றால் செலவாவதற்கு இன்னொரு 25 லிட்டர். டேங்க் 80 லிட்டர் என்றால் வெளியே தேவைப்படுவது 45 லிட்டர்தான். இரண்டு கேன் போதாது, மூன்று தாராளம். ஆறு எதற்கு?

ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 0.84 கிலோ. 20 லிட்டர் பிடிக்கும் இரும்பு ஜெர்ரி கேன் சும்மாவே 4 கிலோ இருக்கும். நிரப்பினால் 21 கிலோ. ஆறு கேன் என்றால் 126 கிலோ. இரட்டைக் கேபின் பிக்கப்புகளின் சுமைத்திறன் பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டியது. கேட்கும்போது நிறைய இருப்பதுபோலத் தோன்றும். நான்கு பேர், முன்பக்க இரும்பு பம்பர், பின்பக்கத்தை மூடும் கேனபி, ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, 60 லிட்டர் தண்ணீர், கூடாரம், கூடுதல் சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். பின்னால் டிரெய்லர் இழுத்தால், கொக்கிமேல் அது அழுத்தும் எடையும் இதே கணக்கில் சேரும். மனக்கணக்கை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து, எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். முன் ஆக்சில் எவ்வளவு, பின் ஆக்சில் எவ்வளவு என்று தனித்தனியாகவும் பாருங்கள். மொத்தம் வரம்புக்குள் இருந்து, பின் ஆக்சில் மட்டும் வரம்பு தாண்டிய வண்டிகள் ஏராளம்.

இன்னும் நீண்ட வழிகளும் இருக்கின்றன. விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை போகும் கேனிங் ஸ்டாக் ரூட் ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். நடுவில் குனவரிட்ஜியில்தான் எரிபொருள். அப்படிப்பட்ட பயணத்துக்குக் கேன்களை அடுக்குவதைவிட, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் பெரிய டேங்க் மாட்டிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. செலவு அதிகம்தான். ஆனால் எடை தாழ்வாக இருக்கும், ஊற்றி இறக்கும் வேலையும் இல்லை.

பின்னால் தொங்கவிடுவது

பின்னால் சரக்கு வைக்கும் தொட்டிக்குள் இடம் அடைக்கிறது என்று கேன்களையும் இரண்டாவது ஸ்டெப்னியையும் பின் பம்பரில் கதவுபோல் திறக்கும் தாங்கியில் மாட்டுவது வழக்கம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், எடுக்கவும் வசதி. வண்டிக்குத்தான் கெடுதல்.

டொயோட்டா ஹைலக்ஸின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.085 மீட்டர். பின் ஆக்சிலிலிருந்து 1.3 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி பின் ஆக்சில்மேல் ஏறுவது 100 கிலோ அல்ல, 142 கிலோ. அந்தக் கூடுதல் 42 கிலோவும் முன் ஆக்சிலிலிருந்து கழிகிறது. முன் சக்கரத்தின் பிடி குறைகிறது, ஸ்டியரிங் லேசாகிறது. மணல்மேட்டில் மூக்கைத் தூக்கி ஏறும்போது எடை இன்னும் பின்னுக்குச் சாயும்.

இதோடு போவதில்லை. ஆஸ்திரேலிய உட்பகுதிச் சாலைகளில் சேஸிஸ் வளைந்து, கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி மேலே விரிந்து நிற்கும் இரட்டைக் கேபின் வண்டிகள் அரிதல்ல. பின்னால் தொங்கும் எடை, குண்டும் குழியுமான சாலை, வேகம் மூன்றும் சேர்ந்தால் இரும்பு தாங்காது. இதில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறு உண்டு. பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வண்டியில் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே காற்றுப் பைகளை வைத்து நிமிர்த்துவது. லீஃப் ஸ்பிரிங் தன் சுமையை முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் சேஸிஸுக்குக் கொடுக்கிறது. காற்றுப் பையோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. அதை இறுக்க ஊதிவிட்டு, பின்னால் கேன்களைத் தொங்கவிட்டால், அந்த ஒரே இடத்தில்தான் சேஸிஸ் வளையப் பார்க்கும். வண்டி நிமிர்ந்து நிற்பதால் சுமை குறைந்துவிட்டதாக மனதுக்குத் தோன்றும். எடைமேடை அப்படிச் சொல்லாது.

சரி, எங்கே வைப்பது? தொட்டிக்குள், கேபினின் பின்சுவரை ஒட்டி, தரையோடு தரையாக. அதாவது பின் ஆக்சிலுக்கு முன்னால். தண்ணீரும் எரிபொருளும்தான் வண்டியில் மிகக் கனமானவை, அவற்றுக்குத்தான் அந்த இடம். தலையணை, நாற்காலி, கூடாரம் போன்றவை பின்னால் போகட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அடிக்கடி எடுக்க வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று. எரிபொருள் அடிக்கடி எடுக்கும் பொருள் இல்லை. டேங்கில் 20 லிட்டருக்கு இடம் உண்டானதும், முதல் நிறுத்தத்திலேயே ஒரு கேனை ஊற்றிவிடுங்கள். கடைசிவரை கேனைக் காப்பாற்றி வைப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

கூரைமேல் எரிபொருள் வேண்டாம். பக்கவாட்டில் சரியும் மணலில் உயரத்தில் இருக்கும் எடை வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். 21 கிலோவைத் தலைக்குமேல் தூக்கி இறக்குவதும் முதுகுக்கு ஆகாது.

ரேக்கைத் தகரத்தில் மாட்டுவது

பிக்கப் தொட்டியின் பக்கச்சுவர் மெல்லிய தகடு. ரேக்கின் கால்களை அதன் மேல்விளிம்பில் வெறும் போல்ட்டும் சின்ன வாஷரும் போட்டு இறுக்கினால், நகரத்துச் சாலையில் வருடக்கணக்கில் நிற்கும். வரிவரியாக அலையெழுந்த மண்சாலையில் ஒரு முழுநாள் அதிர்ந்தால், துளை ஓரத்தில் விரிசல் விடும். துளைக்கு அடியில் கை அகலத்துக்கு ஒரு தடித்த உலோகத் தகடு கொடுத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். முடிந்தால் ரேக்கின் கால் தொட்டியின் தரைவரை இறங்கி, சேஸிஸோடு தொட்டி பூட்டப்பட்டிருக்கும் இடங்களுக்கு அருகில் ஊன்றட்டும். தொட்டித்தரை மேடுபள்ளமாக மடிக்கப்பட்ட தகடு. பள்ளத்தின்மேல் பாலம்போல் தகட்டை வைத்து முறுக்கினால் மேடு நசுங்கும், நசுங்க நசுங்க போல்ட் தளரும். அந்த இடைவெளியில் அளவான குழாய்த்துண்டு ஒன்றை வைத்து இறுக்குங்கள்.

துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், ஒயர் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. துளையிட்டபின் வெட்டிய விளிம்பில் துருத்தடுப்புப் பெயின்ட் அடிக்காமல் விட்டால், அடுத்த மழைக்காலத்துக்குள் துரு தலைகாட்டும். அலுமினிய ரேக்கில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேரடியாகப் போடுவதும் பொதுவான தவறு. உப்புக்காற்றும் ஈரமும் பட்டால் போல்ட் நன்றாகவே இருக்கும், சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷரோ தடுப்புப் பசையோ வேண்டும்.

நட் நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும். முதல் 100 கிலோமீட்டர் கரடுமுரடான சாலைக்குப் பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள்; அப்புறம் தினமும் காலையில் கையால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தால் போதும்.

ரேக்கின் தாங்குதிறன் என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். நிற்கும் வண்டிக்கு ஓர் அளவு, ஓடும் வண்டிக்கு வேறு அளவு. மேலே கூடாரம் விரித்து இரண்டு பேர் தூங்கலாம் என்பது நிற்கும் வண்டியின் கணக்கு. சில தயாரிப்பாளர்கள் கரடுமுரடான பாதைக்கு, ஓடும் கணக்கையும் 1.5ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். 150 கிலோ ரேக் அங்கே 100 கிலோ ரேக். ரேக்கின் சொந்த எடையை அதில் கழிக்க வேண்டுமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவியை மறப்பது

டீசல் கொஞ்சம் பொறுமையான எரிபொருள். சாதாரண வெயிலில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகாது. பெட்ரோல் அப்படியில்லை, மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மூடிய கேனபிக்குள் மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பெட்ரோல் கேன் இருந்தால், ஆவி தரையில் தேங்கி நிற்கும். அதே தரையில்தான் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர், பேட்டரி, ரிலே எல்லாம் இருக்கின்றன. ஒரு பொறி போதும். ஜெனரேட்டருக்கென்று 5 லிட்டர் பெட்ரோல் எடுத்துப்போனாலும் அது கேனபிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், புகைக்குழாய்க்குத் தள்ளி இருக்க வேண்டும். காலியான பெட்ரோல் கேனை வெறும் டப்பா என்று நினைத்து உள்ளே எறிய வேண்டாம். திரவம் இல்லாவிட்டாலும் அது முழுக்க ஆவிதான்.

கேனைத் தொட்டியில் வைத்தபடியே பங்கில் நிரப்புவது இன்னொரு தவறு. சோம்பலில் எல்லாரும் செய்வது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1998இலேயே இதற்கென்று தனி எச்சரிக்கை விட்டது. பிக்கப் தொட்டிக்குள் போடும் பிளாஸ்டிக் விரிப்பு மின்னூட்டத்தைத் தரைக்கு இறங்க விடாது. எரிபொருள் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் கேனிலேயே சேர்ந்து, குழாய்முனை அருகில் வரும்போது பொறியாகத் தாவும். கேனை இறக்கித் தரையில் வையுங்கள். குழாய்முனை கேனின் வாயைத் தொட்டபடியே மெதுவாக நிரப்புங்கள்.

கழுத்துவரை நிரப்பவும் கூடாது. காலை 15 டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர் பெட்ரோல், வெயிலில் 45 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்கு மேல் விரியும். 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்ட அசல் ஜெர்ரி கேனில் இதற்கென்றே மேலே ஒரு காற்றிடம் விட்டிருக்கிறார்கள். அதையும் நிரப்பிவிட்டால் மூடி கசியும், பிளாஸ்டிக் கேன் உப்பி ரேக்கில் சிக்கிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவில் எரிபொருள் கேனுக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 2906 என்ற தரக்குறியீடு உண்டு. அது இல்லாத கேனைப் பங்கிலேயே நிரப்ப மறுக்கலாம். பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள் என்பது வழக்கம். இருட்டில் அவசரமாக ஊற்றும்போது இந்த வண்ணம்தான் இன்ஜினைக் காப்பாற்றும்.

கட்டுவதில் சிக்கனம்

கொக்கி போட்ட ரப்பர் கயிறு துணிமூட்டைக்குச் சரி, கேனுக்கு ஆகாது. ஆஸ்திரேலியாவின் சுமை கட்டும் வழிகாட்டி, சரக்கின் எடையில் 80 விழுக்காட்டு விசையை முன்னோக்கியும், 50 விழுக்காட்டைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. 21 கிலோ கேனுக்கு அது சின்ன எண்தான், ஆனால் ரப்பர் நீளும். நீண்ட இடைவெளியில் கேன் ஓடி வந்து இடிக்கும். பாலியெஸ்டர் ராட்செட் பட்டை வாங்குங்கள். நைலான் பட்டை ஈரத்தில் தளர்ந்துவிடும்.

பட்டை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கேன் தன் கூட்டுக்குள் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அடியிலும் பக்கத்திலும் ரப்பர் பாய் வைக்காவிட்டால், ஒரு போல்ட்டின் தலை போதும், நாள்பட உரசி உரசிக் கேனில் துளை போட்டுவிடும். இரும்புக் கேன் என்றால் உட்புறத் துருவும் சேர்ந்து வரும். ஊற்றும்போது வடிகட்டி வைத்த புனல் கட்டாயம். இன்றைய டீசல் இன்ஜின்களின் இன்ஜெக்டர்கள் ஒரு துளி தண்ணீரையும் மன்னிப்பதில்லை. தூக்கி ஊற்ற முடியாதவர்கள் நுனியில் வால்வு வைத்த, ஆட்டினால் ஓடும் குழாயை வைத்துக்கொள்ளலாம். வாயால் உறிஞ்ச வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டியின் பின்னால் நான்கடி தள்ளி நின்று பாருங்கள். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் இண்டிகேட்டரும் மறைந்திருந்தால் போலீஸ் நிறுத்தும். தீயணைப்பான் கேன்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால், அதை ஓட்டுநர் கதவுப்பக்கம் மாற்றுங்கள். மண்வெட்டியும் ஜாக்கியும் கேனை இறக்காமலேயே கைக்கு வர வேண்டும், ஏனென்றால் அவை தேவைப்படும் நேரத்தில் வண்டி பெரும்பாலும் ஒருபக்கம் சாய்ந்துதான் நிற்கும்.