ஐந்து நிமிட நொதியம்: அல்டெப்ளேஸைக் கரைத்து ஏற்றுவது எப்படி

கொழும்பு வைத்தியசாலைகளில் பாரிசவாத நோயாளரைப் பார்க்கும் தாதியருக்கும் புதிதாக வேலைக்கு வந்த வைத்தியர்களுக்கும் இந்தக் குறிப்பு. உங்கள் வார்ட்டில் எழுதி ஒட்டிய நெறிமுறை இருந்தால் அதன்படியே செய்யுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இருக்கும் காரணம் இங்கே கிடைக்கும்.

அல்டெப்ளேஸ் என்பது இரத்தக்கட்டியைக் கரைக்கக் கொடுக்கும் மருந்து; நம் உடம்பிலேயே சுரக்கும், புரதம் வெட்டும் ஒரு நொதியத்தின் நகல். இரத்தக்குழாயின் உட்சுவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். வேண்டாத இரத்தக்கட்டி உருவாகும்போது அதைக் கரைப்பதற்கான ஏற்பாடு அது. அளவு மீறாமல் பிஏஐ-1 என்ற தடுப்பான் பிடித்து வைத்திருக்கும். 527 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தின் மரபணுவை 1980களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார்கள். இன்று சீன வெள்ளெலியின் சூலகக் கலங்களில் அந்த மரபணுவைப் புகுத்தி மருந்தை வளர்த்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1987இல் மாரடைப்புக்கும் 1996இல் பாரிசவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது.

இது நேரடியாகக் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டியைப் பிணைத்திருக்கும் பைப்ரின் இழையில் போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற செயலற்ற புரதத்தை ஓரிடத்தில் வெட்டிப் பிளாஸ்மினாக்கும். இழையை அறுப்பது பிளாஸ்மின்தான். மருந்தை நிறுத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் பாதிக்கு மேல் இரத்தத்திலிருந்து போய்விடும், ஈரல் அதைத் துடைத்தெடுத்துவிடும். கீழே வரும் பாதி விதிகள் இந்த ஐந்து நிமிடத்திலிருந்து பிறந்தவை.

முதலில் நேரம். வீட்டாரிடம் “எத்தனை மணிக்கு வந்தது?” என்று கேட்டால், பார்த்த நேரத்தைத்தான் சொல்வார்கள். “கடைசியா எப்ப நல்லா இருந்தவர்?” என்று கேளுங்கள். வெள்ளவத்தையில் இரவு பத்து மணிக்குச் சாதாரணமாகப் படுத்தவர் காலை ஐந்தரைக்குக் கை தூக்க முடியாமல் எழும்பினால், கணக்கு பத்து மணியிலிருந்துதான். மருந்து ஏற்றுவதற்கான நாலரை மணி நேர எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. இனி எம்ஆர்ஐ போன்ற மேலதிக படங்களைப் பார்த்துத்தான் முடிவு. “கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்” என்று வீட்டில் வைத்திருப்பதும் காலி வீதி நெரிசலும் சேர்ந்து தின்னும் நேரம் அதிகம். ஆம்புலன்ஸ் எண்ணான 1990க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை சில. சிடி ஸ்கேனில் இரத்தக்கசிவு இருக்கக் கூடாது. பிரஷர் 185/110க்குக் கீழே வர வேண்டும். விரல் நுனியில் சர்க்கரை பார்க்காமல் தொடங்கவே வேண்டாம், சர்க்கரை குறைந்தாலும் பாரிசவாதம் போலவே தெரியும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவரின் ஐஎன்ஆர் (உறையும் நேரத்தைக் காட்டும் அளவு) 1.7ஐத் தாண்டினால் மருந்து இல்லை. இரத்தச் சிறுதட்டுக்கள் விஷயத்தில் மட்டும் கொழும்புக்கென்று ஒரு கவனம் வேண்டும். சந்தேகம் இல்லாதவரிடம் அந்த அறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே பொது நடைமுறை. டெங்குக் காலத்தில் மூன்று நான்கு நாளாகக் காய்ச்சல் என்று வீட்டார் சொன்னால் சந்தேகம் இருக்கிறது. எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் இந்த மருந்து ஆபத்து. அறிக்கை வரும் வரை காத்திருங்கள்.

அளவு கிலோவுக்கு 0.9 மி.கி., எவருக்கும் 90 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் கட்டில் தராசில் அளந்துகொள்ளுங்கள். 62 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 62 × 0.9 = 55.8 மி.கி. கரைத்த பின் ஒரு மி.கி. ஒரு மி.லீ. ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கு, 5.6 மி.லீ., ஒரு நிமிடத்தில் ஊசியாக. மிச்சம் 50.2 மி.லீ. ஒரு மணி நேரத்தில் பம்ப் வழியாக. 55 கிலோவும் அதற்குக் குறைவும் என்றால் 50 மி.கி. குப்பி ஒன்றே போதும். மெலிந்த முதியவருக்கு அவசரத்தில் இரண்டாவது குப்பியை உடைத்து விலை உயர்ந்த மருந்தை வீணாக்குவதற்கு முன் ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்.

கரைப்பதற்கு 50 மி.கி. தூளுக்கு 50 மி.லீ. ஊசிக்கான கிருமியற்ற நீர். பதனப்பொருள் சேர்த்த நீர் கூடாது, டெக்ஸ்ட்ரோஸும் கூடாது. நீரைத் தூள் கட்டியின் மேலேயே விடுங்கள். குப்பியைக் குலுக்கினால் நுரை வரும், நுரையின் மேற்பரப்பில் புரதம் தன் வடிவத்தை இழக்கும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றிவிட்டு, குமிழிகள் அடங்கச் சில நிமிடம் அசையாமல் வையுங்கள். தெளிவாக, நிறமில்லாமல் அல்லது மிக இளமஞ்சளாக இருக்க வேண்டும். இப்போது ஒரு மி.லீ.யில் ஒரு மி.கி. தூளாக வைத்திருக்கும்போதும் பெட்டியில் அச்சடித்த வெப்பநிலையைப் பாருங்கள்; ஏசி நின்றுபோன ஏப்ரல் மதியத்து மருந்தறை அந்த எல்லையை எளிதில் தாண்டும்.

இரண்டு குப்பி கரைத்தீர்கள் என்றால் கையில் 100 மி.லீ. இருக்கிறது. நமது 62 கிலோ நோயாளருக்கு வேண்டாத 44.2 மி.லீ.யைப் பம்ப்பில் பூட்டும் முன்னரே எடுத்து எறியுங்கள். “பம்ப் 50இல் நின்றுவிடும்தானே” என்று விட்டுவைத்தால், யாராவது மாற்றி அழுத்தும் ஒரு கணத்தில் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

அதிகம் தவறும் இடம் குழாய். பம்ப் குழாய்கள் சிலவற்றில் 20 மி.லீ. வரை தங்கும். குழாயைச் சேலைனால் நிரப்பித் தொடங்கினால் முதல் 20 நிமிடத்துக்கும் மேல் நோயாளருக்குப் போவது வெறும் சேலைன். ஊசியில் போட்ட மருந்து அதற்குள் மறைந்துவிட்டிருக்கும். ஆகவே குழாயை மருந்தாலேயே நிரப்பி, பம்ப்பைத் தயாராக வைத்துவிட்டுத்தான் ஊசியைப் போடுங்கள். முடிவிலும் இதே கதைதான்: பை காலியானதும் பம்ப் கத்தும், கழற்றிவிடுவார்கள், குழாயில் நின்ற மருந்து குப்பைக்குப் போகும். 50 மி.கி.யில் 20 என்றால் ஐந்தில் இரண்டு பங்கு! பை காலியானதும் 50 மி.லீ. சேலைனைத் தொங்கவிட்டு அதே வேகத்தில் ஓட விடுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம், கூட்டினால் குழாயில் உள்ளது ஊசி போல ஒரேயடியாகப் போய்விடும். இந்தக் குழாய் வழியில், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் உட்பட வேறு எந்த மருந்தும் சேரக் கூடாது.

ஏற்றத் தொடங்கியதும் முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு 24 மணி நேரம் முடியும் வரை மணிக்கு ஒரு தடவை பிரஷரும் நரம்பு நிலையும் பாருங்கள். பிரஷர் 180/105ஐத் தாண்ட விடக் கூடாது. திடீர் தலையிடி, வாந்தி, பிரஷர் ஏற்றம், புதிதாக ஒரு பலவீனம் என்று எது வந்தாலும் வைத்தியர் வரும் வரை காத்திராமல் பம்ப்பை நிறுத்திவிட்டு சிடிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். நிறுத்தியதும் நொதியம் போய்விடும், ஆனால் அது ஏற்கெனவே உருவாக்கிய பிளாஸ்மின் தின்றுவிட்ட பைப்ரினோஜன், அதாவது இரத்தம் உறையத் தேவையான புரதம், உடனே திரும்பி வராது. பைப்ரினோஜன் நிறைந்த இரத்தக்கூறான கிரையோபிரெசிபிடேட் கொடுப்பது அதற்காகத்தான். 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் அறிகுறியோடு கூடிய மூளைக் கசிவு மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 0.6 சதவீதம். வீட்டாரிடம் இந்த எண்ணை ஒளிக்க வேண்டாம். மூன்று மாதத்தில் ஊனம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களிலேயே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அஸ்பிரினும் ஹெப்பாரினும் 24 மணி நேரம் கழித்து, மறுபடி எடுத்த சிடியில் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான். சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் போடுவதையும் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக நாக்கு. மருந்து ஓடும்போதும் முடிந்த பின்னும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்மின், இரத்தக்குழாயைக் கசிய வைக்கும் பிரடிகைனினையும் பெருக்கும், அதனால் சிலருக்கு நாக்கும் உதடும் வீங்கும். பெரும்பாலும் பலவீனமான கை கால் உள்ள அதே பக்கத்தில்தான் தொடங்கும், அதை முகக்கோணல் என்று கடந்துவிடுவது சுலபம். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களிடம் இது கூடுதலாக வரும். வீட்டார் கொண்டுவரும் மாத்திரைப் பையை ஏற்றுவதற்கு முன்னரே கொட்டிப் பார்த்துவிடுங்கள்.