சிறையிலிருந்தே மேல்முறையீடு: கைதிகள் தடுக்கி விழும் இடங்கள்

தண்டனை பெற்றவர் வக்கீல் இல்லாமலே தன் கைப்பட மேல்முறையீடு எழுதி, சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கலாம். அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது சிறையின் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 383-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 424. உள்ளே இருப்பவர் கையில் போன் கிடையாது. அதனால் மனு போட்டுப் பார்க்கப் போகும் வீட்டார்தான் இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், தூக்குத் தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கே 30 நாள்தான். சிறைத் தண்டனை விதித்த கையோடு தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும். பலர் அதைக் கேட்பதே இல்லை. ஹோஸ்கோட் என்பவர் முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர். அவரே உயர் நீதிமன்றத் தீர்ப்பு நகல் தன் கைக்கு வரவில்லை என்று சொல்லி, நான்கு ஆண்டுக்கு மேல் தாமதமாகத்தான் உச்ச நீதிமன்றம் போனார். இலவச நகலும் சட்ட உதவியும் கைதியின் உரிமை என்று 1978-ல் அந்த வழக்கில்தான் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். கெடு தாண்டிவிட்டதா? தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போடுங்கள். "உடம்பு சரியில்லை" என்று மொட்டையாக எழுதாமல், நகல் வந்த தேதி, ஆஸ்பத்திரியில் இருந்த தேதி எல்லாம் அதில் வரட்டும்.

அடுத்தது மனுவில் என்ன எழுதுவது என்பது. இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். "நான் நிரபராதி, என் குடும்பம் தெருவில் நிற்கிறது" என்று நான்கு பக்கம் போகும். நீதிபதி பார்ப்பது சாட்சியத்தை. இப்படி எழுதிப் பாருங்கள் (அ.சா. என்றால் அரசுத் தரப்பு சாட்சி): "அ.சா.2 சம்பவத்தை நேரில் பார்த்ததாகக் கூண்டில் சொல்கிறார். போலீசிடம் தந்த வாக்குமூலத்தில் அந்தப் பேச்சே இல்லை. விசாரணை அதிகாரியும் குறுக்கு விசாரணையில் அதை ஒத்துக்கொண்டார். தீர்ப்பின் 14-வது பத்தி இதைத் தொடவில்லை." இந்த நாலு வரிக்கு இருக்கும் பலம் அந்த நாலு பக்கத்துக்குக் கிடையாது. கீழ்க்கோர்ட் நீதிபதியைத் திட்டுவது? வேண்டவே வேண்டாம்.

தண்டனையைக் குறைக்கக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து அதை விட்டுவிடுகிறார்கள். "விடுதலை தர இயலாவிட்டால், மாற்றாகத் தண்டனையைக் குறைக்க வேண்டும்" என்று எழுதினால் ஒரு பாதகமும் இல்லை. இரண்டு மூன்று பிரிவுகளில் தண்டனை இருந்தால், தீர்ப்பில் "ஏககாலத்தில்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய சட்டப்படி, அது இல்லாவிட்டால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மேல்முறையீடு போட்டதுமே ஜாமீன் வந்துவிடாது. தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்டுத் தனி மனு வேண்டும்.

அப்புறம், "ஓசி வக்கீல் எதற்கு" என்கிற வீம்பு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. மனுவைத் தானே எழுதியவரும் வாதாட வக்கீல் கேட்கலாம்.

மனுவின் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், சிறையில் கொடுத்த தேதியோடு. சில வாரம் கழித்து நீதிமன்றத்தில் அது நம்பர் ஆகிவிட்டதா (வழக்கு எண் கொடுத்துவிட்டார்களா) என்று விசாரியுங்கள்.