மரவாத்து செதுக்கியவர்களின் வரலாற்றைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், சீசபீக் விரிகுடா, பார்னகாட் விரிகுடா, லாங் ஐலண்ட் பக்கமெல்லாம் வாத்து வேட்டை ஒரு காலத்தில் பலருக்குப் பிழைப்பு. மரத்தில் வாத்து செதுக்கி, வண்ணம் பூசி, அடியில் ஈயம் வைத்து, கயிறு கட்டித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். மேலே பறக்கிற கூட்டம் தன் இனம்தான் என்று நம்பி இறங்கும். மறைந்திருப்பவர் சுடுவார். இந்த மரவாத்துக்கு அங்கே டிகாய் என்று பெயர்.

சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் அடிபட்ட இந்த வேலைக்கருவிகளில் சில இன்று கலைப்பொருளாகிவிட்டன. கேப் காட் பகுதியில் ஈஸ்ட் ஹார்விச் ஊரைச் சேர்ந்த எல்மர் குரோவெல் (1862–1952) செய்த இரண்டு பறவைகள் 2007-இல் ஒவ்வொன்றும் 11 லட்சம் டாலருக்கு மேல் விற்றன. வரலாறு தேடுகிறவருக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயர் தெரிந்த வாத்துக்கு ஒரு விலை, பெயர் தெரியாததற்கு வேறு விலை என்றால், எல்லா வாத்துக்கும் எப்படியாவது ஒரு பெயர் கிடைத்துவிடும்.

வாத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் எழுத்து இருக்கும். புதிதாகத் தேட வருகிறவர் அதைச் செய்தவரின் கையெழுத்து என்று எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அது சொந்தக்காரரின் அடையாளம், மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. ஒரே நீர்ப்பரப்பில் பலருடைய வாத்துகள் மிதக்கும்போது, காற்றில் கயிறு அறுந்து கலந்துபோனால் எது யாருடையது என்று தெரியவேண்டுமே. வேட்டை மன்றங்களும் தங்கள் முத்திரையைச் சுட்டுப் பதித்தன. வாத்து கைமாறினால் இன்னொரு முத்திரை ஏறும். அதனால் மூன்று முத்திரை உள்ள வாத்து செய்தவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம்.

செதுக்கியவரே சொந்தக்காரராகவும் இருந்த இடத்தில்கூடச் சிக்கல் தீராது. வட கரோலைனாவின் நாட்ஸ் தீவில் லீ டட்லி, லெம் டட்லி என்று இரட்டையர்கள் இருந்தார்கள். வாத்தின் மேல் 'எல். டி.' என்று இருந்தால் அது லீயா லெம்மா? எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்காக முத்திரை வீண் என்று தள்ளவும் வேண்டாம். செய்தவரைக் காட்டாவிட்டாலும் வாங்கியவரைக் காட்டும். வேட்டை மன்றத்தின் பெயர் கிடைத்தால் உறுப்பினர் பட்டியல், நிலப் பத்திரம், கணக்குப் புத்தகம் என்று தேட இடம் கிடைக்கும். 'இன்னாருக்கு வாத்துக்காக இவ்வளவு' என்ற ஒரு வரி அதில் அகப்பட்டால், அழகான நூறு படங்களைவிட அது மேல்.

அடுத்தது, ஆவணங்களில் 'வாத்து செதுக்குபவர்' என்று தேடுவது. அப்படித் தேடினால் ஏறக்குறைய யாருமே கிடைக்க மாட்டார்கள். பலருக்கு இது குளிர்கால வேலை, அல்லது பக்கத் தொழில். மேரிலாந்தில் கிரிஸ்ஃபீல்டு ஊரின் புகழ்பெற்ற வார்டு சகோதரர்கள், லெம்மும் ஸ்டீவும், முடிதிருத்துபவர்கள். அதே மாநிலத்தில் ஹாவ்ர டி கிரேஸ் ஊரின் மேடிசன் மிட்செல் இறுதிச்சடங்கு நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். நியூ ஜெர்சியின் டக்கர்டனில் ஹாரி ஷவுர்ட்ஸ் வீடுகளுக்கு வண்ணம் அடித்தவர். மெய்ன் மாநிலத்து கஸ் வில்சன் கலங்கரை விளக்கக் காவலர். ஒருவர் சவரக்கத்தி, இன்னொருவர் சவப்பெட்டி. வாத்தை மட்டும் எந்த அரசு அலுவலரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே ஆளின் பெயரையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் தொழில் என்ற இடத்தில் மீன், நண்டு, சிப்பி பிடித்துப் பிழைக்கிற 'வாட்டர்மேன்' என்றோ, படகு கட்டுபவர் என்றோ இருந்தால் அங்கே நின்று பாருங்கள். கலங்கரை விளக்க வேலை அரசாங்கப் பணி, அதற்குத் தனிப் பதிவுகள் உண்டு. 1917–18 ராணுவப் பதிவு அட்டைகளில் தொழிலும் முதலாளி பெயரும் கிடைக்கும். 1890 கணக்கெடுப்புத் தாள்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921 தீவிபத்திலும் அதன் பின்விளைவிலும் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது ஆண்டு இடைவெளி விழுகிறது. செதுக்குத் தொழில் மும்முரமாக இருந்த காலமும் அதுதான். அந்த ஓட்டையை உள்ளூர் செய்தித்தாளும் வரிப் பட்டியலும் உயிலும்தான் ஓரளவு அடைக்கும்.

பெயரிலும் கவனம் வேண்டும். டக்கர்டன் ஹாரி வி. ஷவுர்ட்ஸ் 1920-இல் இறந்தார். மகன் ஹாரி எம்., அவரும் செதுக்கினார். பேரன் மறுபடியும் ஹாரி வி., அவருக்கு 1989-இல் நாட்டார் கலைக்கான தேசிய விருது கிடைத்தது. நடுவில் உள்ள ஒற்றை எழுத்தை விட்டால் மூன்று தலைமுறையும் ஒரே ஆளாகிவிடும்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏலப் பட்டியலில் இருக்கும் பெயரை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வது. லாங் ஐலண்டில் கிடைத்த, உயிரோட்டமான கரைப்பறவைப் பொம்மைகள் (நீர்க்கரையில் இரைதேடும் உள்ளான் போன்ற பறவைகளின் மர உருவங்கள்) சில உண்டு. அவை வெகுகாலம் பில் போமன் என்பவருடையவை என்று சொல்லப்பட்டு, அந்தப் பெயரிலேயே பெரிய விலைக்கு விற்றன. பிற்கால ஆய்வு அவற்றைச் செய்தவர் சார்ல்ஸ் சம்னர் பன் (1865–1952) என்கிறது. அவர் சவுதாம்ப்டன் பக்கம் ஷின்னகாக் பழங்குடியைச் சேர்ந்தவர், வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். சில ஏல நிறுவனங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். முதல் பெயர் எப்படி ஒட்டியது என்று கேட்டுப் பாருங்கள். சேகரிப்பாளர் ஒருவர் வயதானவர் ஒருவரிடம் கேட்டது, அதை அடுத்தவர் எடுத்தது, அப்புறம் பட்டியலில் அச்சானது. அச்சானபின் யாரும் திரும்பிக் கேட்பதில்லை. பத்துப் பட்டியல்கள் ஒரே பெயரைச் சொன்னால் பத்துச் சான்று என்று நினைக்கிறோம். பத்தும் ஒரே வாய்ச்சொல்லிலிருந்து வந்திருக்கலாம். பணக்கார வேட்டைக்காரர்களுக்குப் படகு தள்ளிய பழங்குடியினரும் கறுப்பினத்தவரும் இந்தப் பதிவுகளில் எவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். இத்தனைக்கும் இந்தக் கலையே அந்த மண்ணின் பழங்குடிகளுடையது. நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் கிடைத்த கோரைப்புல் வாத்துகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையானவை.

இதே போலக் காணாமல் போனவர்கள் பெண்கள். இல்லினாய் ஆற்றங்கரையில் சார்ல்ஸ் பெர்டூ செதுக்கிய வாத்துகளுக்கு வண்ணம் பூசியது மனைவி எட்னா. ராபர்ட் எலிஸ்டன் வீட்டில் அந்த வேலை மனைவி கேத்தரினுடையது. கணக்கெடுப்புத் தாளில் இப்படிப்பட்டவர்களுக்கு 'வீட்டு வேலை' என்றுதான் எழுதியிருப்பார்கள். வாத்து வண்ணத்துக்காகவே பாராட்டப்பட்டால், பாராட்டு யாருக்குப் போகவேண்டும்?

வண்ணத்தைப் பற்றி இன்னொன்று. வேட்டையில் அடிபட்ட வாத்துக்கு மறுபடி மறுபடி வண்ணம் அடித்தார்கள். சில நேரம் வேறு ஆள், சில நேரம் வேறு பறவையின் நிறத்தில். மேலே தெரிகிற பூச்சை வைத்து 'இது இன்னாரின் பாணி' என்று முடிவுகட்டினால் கடைசியாகத் தூரிகை பிடித்தவரின் வரலாற்றைத்தான் எழுதுவீர்கள். புற ஊதா விளக்கில் புதிய பூச்சு பல நேரம் தனியாகத் தெரியும். டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அடிப்பூச்சில் அது இருந்தால் '1880' என்ற சீட்டைக் கிழித்துவிடலாம். தயவுசெய்து சுரண்டிப் பார்க்காதீர்கள்.

பகுதிப் பாணி என்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். நியூ ஜெர்சியில் வெள்ளை செடார் (cedar) மரத்தை இரண்டாகக் குடைந்து ஒட்டுவார்கள், உள்ளே பொள்ளல். சஸ்குவஹானா ஆற்று முகத்தில் முழுக்கட்டை. சரி, ஆனால் ஆட்களும் வாத்துகளும் ஊர்விட்டு ஊர் போனார்கள். டெட்ராய்ட்டின் மேசன் தொழிற்சாலை 1896 முதல் 1924 வரை செய்து அனுப்பிய வாத்துகள் நாடு முழுக்கப் போயின. அவற்றைப் பார்த்து வெட்டிய உள்ளூர்க்காரர்களும் உண்டு. மிட்செல் பட்டறையில் கடைசல் இயந்திரமும் உதவி ஆட்களும் இருந்தார்கள். ஒரே வாத்தில் இரண்டு மூன்று பேருடைய கை.

சட்டத்தை வைத்துக் காலம் கணிப்பதும் வழுக்கும். அமெரிக்காவின் 1918 வலசைப் பறவைச் சட்டம் காட்டுப்பறவை விற்பனையை நிறுத்தியது, பெரும்பாலான கரைப்பறவை வேட்டையையும். அதனால் கரைப்பறவைப் பொம்மை எல்லாம் 1918-க்கு முந்தையவை ஆகிவிடாது. அலமாரியில் வைக்கவென்றே பிறகும் செய்தார்கள், குரோவெல் உட்பட.

அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது, ஹாவ்ர டி கிரேஸ் டிகாய் அருங்காட்சியகமானாலும் வெர்மான்ட்டின் ஷெல்பர்ன் அருங்காட்சியகமானாலும், வாத்தின் படத்தை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அது எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, அப்போது என்ன பெயரில் பதிவானது, அந்தப் பெயர் பின்னால் எப்போது மாறியது என்று கேளுங்கள். உங்கள் குறிப்பேட்டிலும் 'இவர் செய்தது', 'இவருடையது என்கிறார்கள்', 'இந்தப் பக்கத்து வாத்து' என்று மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொன்னவர் யார், எந்த ஆண்டு சொன்னார் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.