பழைய அமெரிக்க இரட்டைக்குழல் துப்பாக்கி: யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பெரியவர் ஒருவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை விற்பார்கள், கொட்டகையிலிருந்து ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வெளியே வரும். எந்தக் கம்பெனி, எந்தக் காலம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய தாத்தாவின் துப்பாக்கி இப்படித்தான் வந்தது. அது என்னவென்று கண்டுபிடிக்க உதவப் போய்த்தான் நான் இதற்குள் இறங்கினேன். சிரக்யூஸ், ஃபுல்டன், இதாக்கா, படேவியா, இலியன், யூட்டிக்கா என்று இங்கே எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் துப்பாக்கி செய்த ஊர்தான். அந்தக் கைவேலையைப் பார்க்கப் பார்க்க ஆசை கூடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் பொறித்திருக்கும் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். உண்மையான விவரம் குழலுக்கு அடியில், கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில் இருக்கிறது.

1. காலியா என்று பாருங்கள்

மேலே உள்ள நெம்புகோலைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளுங்கள், துப்பாக்கி மடங்கும். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். "தாத்தா காலத்திலிருந்து சும்மாதான் கிடக்கிறது" என்று யார் சொன்னாலும் சரி, பார்த்தே ஆக வேண்டும்.

2. மூன்றாகப் பிரியுங்கள்

மடக்கியதை நேராக்கி, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையின் தாழை விடுவித்துக் கழற்றுங்கள். மறுபடி மடக்கிக் குழலைத் தூக்கினால் வந்துவிடும். இதற்கு ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை. பக்கத் தகட்டில் இருக்கும் திருகுகளைத் தொடவே தொடாதீர்கள். அவற்றின் பிளவு மிக மெல்லியது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் வைத்தால் ஓரம் சிதைந்துவிடும், விலையும் அங்கேயே இறங்கிவிடும்.

3. சுத்தம் செய்யுங்கள், ஆனால் மினுக்காதீர்கள்

பழைய டூத் பிரஷ், கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய், பஞ்சு. இவ்வளவு போதும். கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். நூறு வருடப் பழுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

4. அடியில் இருக்கும் முத்திரைகளைப் படியுங்கள்

நான் வெகுநேரம் திணறிய இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். குழலின் பின்முனையில், அடியில் இரண்டு தட்டையான பட்டைகள் இருக்கும். அவை வந்து உட்காரும் இரும்பிலும் ஒரு தட்டையான பரப்பு இருக்கும். எண்கள், எழுத்துகள், காப்புரிமைத் தேதிகள் எல்லாம் இந்த இரண்டு இடங்களில்தான். வெளிச்சத்தை நேர் மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சை இரும்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து வரும். அப்படியும் தெரியவில்லை என்றால் சாக்பீஸைத் தேய்த்து மேலாகத் துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும்.

பக்கத்து வீட்டுத் துப்பாக்கி பார்க்கர் பிரதர்ஸ் செய்தது, கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊர். குழலின் அடிக்கொண்டியில் (குழலை இரும்புச் சட்டத்தோடு மாட்டும் கொக்கி) தனியாக ஒரு "2" இருந்தது. பட்டையில் "4" என்றும், சற்றுத் தள்ளிச் சின்னதாக "3" என்றும் இருந்தன. பார்ப்பவர்கள் எல்லாரும் இந்த 2-ஐக் குழலின் அளவு என்றுதான் நினைப்பார்கள். அது சட்ட அளவு, அதாவது குழல் பொருந்தும் இரும்புச் சட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கான எண். பார்க்கரின் 12 கேஜ் துப்பாக்கிகள் (நம்மூரில் 12 போர் என்போம்) பெரும்பாலும் 1, 1½, 2 ஆகிய சட்டங்களில்தான் வரும். 4, 3 என்பது இழைத்து முடிப்பதற்கு முன் குழலின் எடை: 4 பவுண்டு 3 அவுன்ஸ்.

வரிசை எண்ணின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் தேய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். பார்க்கரில் அதே எண் விசையைச் சுற்றிய வளையத்தின் வாலிலும், முன்கட்டையின் இரும்பிலும் இருக்கும். மூன்றையும் ஒப்பிடுங்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் குழலையோ கட்டையையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். "வி.எச்." என்ற எழுத்து வல்கன் எஃகுக் குழல் உள்ள, விலை குறைந்த வகையைக் குறிக்கும். கூட "ஈ" இருந்தால் சுட்ட தோட்டாவைத் தானே வெளியே எறியும் அமைப்பும் உண்டு.

5. ஊர்ப் பெயரை வைத்துக் காலத்தைக் குறுக்குங்கள்

கம்பெனிகள் கைமாறி ஊர் மாறிக்கொண்டே இருந்ததால் இது நல்ல துப்பு. எல்.சி. ஸ்மித் துப்பாக்கியில் சிரக்யூஸ் என்று இருந்தால் முந்தையது. 1890 வாக்கில் ஹன்டர் ஆர்ம்ஸ் அதை வாங்கி ஃபுல்டனுக்குக் கொண்டுபோனது. (ஸ்மித் குடும்பம் பிறகு டைப்ரைட்டர் தொழிலுக்குப் போனது. சியாட்டிலில் 1914-இல் திறந்த ஸ்மித் டவர் அவர்கள் பணத்தில் எழுந்ததுதான்.) ஏ.எச். ஃபாக்ஸ் துப்பாக்கியில் ஃபிலடெல்ஃபியா என்றால் முந்தையது, யூட்டிக்கா என்றால் சாவேஜ் கம்பெனி வாங்கிய பிறகு, 1930-களில் வந்தது. பார்க்கரை 1934-இல் ரெமிங்டன் கம்பெனி வாங்கியது. கொஞ்ச காலத்தில் வேலையும் மெரிடனிலிருந்து இலியனுக்குப் போய்விட்டது.

எல்.சி. ஸ்மித் வாங்க நினைப்பவர்கள் பக்கத் தகடுகளுக்குப் பின்னால் கட்டையைக் கூர்ந்து பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் விழும். மற்றபடி இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபாக்ஸ்தான். உள்ளே பாகங்கள் குறைவு, பூட்டு இறுக்கம் அப்படியே நிற்கிறது.

6. பெயர் ஏமாற்றும் இடங்கள்

அந்தக் காலத்து ஹார்டுவேர் கடைகள் தங்களுக்கென்று ஒரு பெயரைப் பொறிக்கச் சொல்லித் துப்பாக்கி வாங்கும். கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் இருந்த கிரெசன்ட் கம்பெனி இப்படி எத்தனையோ பெயர்களில் செய்து தள்ளியது. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே துப்பாக்கி. லெஃபீவர் கம்பெனியின் கதை வேறு. 1916-இல் இதாக்கா துப்பாக்கிக் கம்பெனி அதை வாங்கியது. பிறகு வந்த "நைட்ரோ ஸ்பெஷல்" லெஃபீவர் பெயரில் இதாக்கா செய்த மலிவு ரகம்.

"டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" போலப் புகழ்பெற்ற ஆங்கிலப் பெயரை நினைவூட்டும் பெயர் இருந்தால் உடனே குழலடியைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் "ஈ.எல்.ஜி." என்ற முத்திரை இருந்தால் அந்தக் குழல் பெல்ஜியத்தின் லீயேஜ் நகரில் சோதிக்கப்பட்டது. அந்த நீள்வட்டத்துக்கு மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை முத்திரை கிடையாது.

7. பதிவேட்டைக் கேளுங்கள்

எல்.சி. ஸ்மித்துக்கு வயோமிங்கில் உள்ள கோடி துப்பாக்கி அருங்காட்சியகம், பார்க்கருக்குப் பார்க்கர் சேகரிப்பாளர் சங்கம். வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பதிவு இருக்கும் பட்சத்தில், அந்தத் துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு எப்படிப் போனது என்று கடிதமாகவே தருவார்கள்.

பின்சேர்க்கை: "ஸ்பிரிங்ஃபீல்டு என்று இருக்கிறது, ராணுவத் துப்பாக்கியா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. இரட்டைக்குழலில் அந்தப் பெயர் பெரும்பாலும் மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் கம்பெனி வைத்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் இருந்த அரசாங்க ஆயுதச்சாலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று: அமெரிக்க மத்தியச் சட்டப்படி 1898 வரை செய்தது பழம்பொருள், அதற்குத் துப்பாக்கி விதிகளிலிருந்து விலக்கு உண்டு. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்த விலக்கு அமெரிக்காவுக்குள் மட்டும்தான்.

சுடலாமா? இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறீர்கள். முன்கட்டைக்கு அடியில் வெயில் படாத குழல் பகுதியைப் பாருங்கள். சுருள் சுருளாக, நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். கரிமருந்துக் காலத்துக்காகச் செய்தது, இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. எஃகுக் குழலாகவே இருந்தாலும் அவசரம் வேண்டாம். பழைய 12 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 2⅝ அங்குலம்தான், இன்றைய தோட்டாவுக்கு 2¾ வேண்டும். நீளத் தோட்டா உள்ளே போய்விடும், மூடவும் மூடும். சுடும்போது அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். பழைய இரட்டைக்குழலில் வேலை செய்து பழகிய துப்பாக்கி மெக்கானிக்காகத் தேடிப் பிடித்து, அறையின் நீளத்தையும் குழல் சுவரின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அளந்து முடியும்வரை சுவரிலேயே மாட்டியிருக்கட்டும்.