விலங்குப் பண்ணையை முதலில் கதையாகப் படியுங்கள்

பள்ளியில் பாடமாக வைக்கப்படும் உருவகக் கதைகளில், எந்தப் பாத்திரம் வரலாற்றில் யாரைக் குறிக்கிறது என்ற பட்டியலைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட ‘விலங்குப் பண்ணை’யை அப்படி அணுகினால் மதிப்பெண் கிடைக்கும், கதை கிடைக்காது. நெப்போலியன் என்ற பன்றி சோவியத் தலைவர் ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி அவருடைய அரசியல் எதிரி டிராட்ஸ்கி என்பதையெல்லாம் சில நாள் தள்ளிவையுங்கள். பத்தே அத்தியாயங்கள்தாம்.

பண்ணைக்காரரைத் துரத்திவிட்ட விலங்குகளுக்காகக் கொட்டகையின் தார் பூசிய சுவரில் எழுதப்படும் ஏழு கட்டளைகளையும் ஒரு தாளில் படியெடுத்துக்கொண்டு, பிறகு அந்தத் தாளைப் பார்க்காமலேயே மேலே படியுங்கள். ‘எந்த விலங்கும் கட்டிலில் உறங்கக் கூடாது’ என்பது நான்காவது கட்டளை. பன்றிகள் பண்ணை வீட்டுக்குள் குடியேறிய செய்தி ஆறாம் அத்தியாயத்தில் வந்ததும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குளோவர் என்ற குதிரை, மியூரியல் என்ற ஆட்டைக் கூப்பிட்டு அந்தக் கட்டளையைப் படிக்கச் சொல்கிறது. சுவரில் இப்போது ‘விரிப்புடன்’ என்ற சொல்லும் இருக்கிறது. விரிப்பைப் பற்றி எதுவும் நினைவில்லாத குளோவர், சுவரிலேயே இருப்பதால் முன்பும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் நினைவு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்ட பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். இந்தக் கதையின் சுவை முழுவதும் அந்த ஒரு நிமிடத் தடுமாற்றத்தில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

இரண்டாம் வாசிப்பில் பெஞ்சமின் என்ற கழுதையை விடாமல் பின்தொடருங்கள். பன்றிகளுக்கு இணையாகப் படிக்கத் தெரிந்தும் அது வாயைத் திறப்பதில்லை. உழைத்து ஓய்ந்த பாக்ஸர் என்ற குதிரையை வண்டியில் ஏற்றிய பிறகுதான், அது கசாப்புக்காரனின் வண்டி என்பதை உரக்கப் படித்துச் சொல்கிறது. ஏன் அவ்வளவு தாமதம் என்று வகுப்பில் கேளுங்கள். விடை எளிதில் முடியாது.

1917 ரஷ்யப் புரட்சியையும் அதன் பின்விளைவுகளையும் இதற்குப் பிறகு படித்தால், பெயர்கள் தாமாகவே பொருந்தும். ஒரு சிறுவன் பெரிய வண்டிக்குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டிச் சென்ற காட்சியிலிருந்தே இக்கதை தமக்குத் தோன்றியதாக ஆர்வெல் 1947-இல் ஒரு முன்னுரையில் எழுதியதையும் அப்போது சேர்த்துப் படியுங்கள்.

கடைசி அத்தியாயத்தில், கண் மங்கிய குளோவருக்காகப் பெஞ்சமின் சுவரைப் படிக்கிறது. அந்த வரியை மட்டும் வேறொருவர் உரக்கப் படிக்க, உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.