மொத்த எடை சரிதான், விமானம் ஏன் விழுந்தது? சரக்கு ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு தேவனஹள்ளி சரக்கு வளாகத்தில் லோடு ஷீட் (எந்தச் சரக்கு எவ்வளவு எடை, விமானத்தில் எங்கே இருக்கிறது என்ற கணக்குத்தாள்) போடக் கற்றுக்கொள்பவர்களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. எடை போடாமல் ஏற்றாதே, கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா பார் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுவோம். பயிற்சி முடித்தபிறகும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகள் வேறு. சின்னச் சரக்கு விமானத்தில் அவற்றின் பலன் டேக்-ஆஃபிலேயே தெரிந்துவிடும்.

"மொத்த எடை லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, அண்ணே"

கேட்டாலே எரிச்சல் வரும் பதில் இது. மொத்த எடை பாதிக் கணக்குதான். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி.

செஸ்னா 208பி கேரவனை எடுத்துக்கொள்வோம். அதன் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 3,969 கிலோ. அந்த எடையில் ஈர்ப்பு மையம் (எடை முழுவதும் சமநிலையாகும் புள்ளி), அதாவது சி.ஜி., முன்னும் பின்னும் நகர அனுமதிக்கப்பட்ட தூரம் சுமார் 13 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. இனி கணக்கு: நகர்த்திய எடையை நகர்த்திய தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். முன்னால் வைக்க வேண்டிய 300 கிலோவை 2 மீட்டர் பின்னால் வைத்தால் 600-ஐ 3,969-ஆல் வகுக்க, 15 சென்டிமீட்டர். மொத்த எடையில் ஒரு கிலோ கூடவில்லை. ஆனால் அனுமதித்த இடைவெளி முழுவதையும் தாண்டியாயிற்று.

இது எப்படி நடக்கிறது? அந்த விமானத்தின் சரக்குக் கதவு பின்பக்கம் இருக்கிறது. லாரி ஓசூரிலிருந்து தாமதமாக வருகிறது. முன்பகுதி ஏற்கனவே நிரம்பி, வலையும் கட்டியாகிவிட்டது. கடைசியாக வந்த பெட்டிகள் கதவோரமே உட்கார்ந்துவிடுகின்றன. ஷீட்டில் எண்களை மாற்றுகிறார்கள், இடத்தை மாற்றுவதில்லை. கடைசி நிமிட மாற்றத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கிலோ வரம்பு வைத்திருக்கும். அதைத் தாண்டினால் புது ஷீட்தான், கையால் அடித்துத் திருத்துவது கிடையாது. வரம்புக்குள் இருந்தாலும் எந்த அறையில் கூடியது, எந்த அறையில் குறைந்தது என்று எழுதியாக வேண்டும்.

இன்னொரு வழி கண்ணுக்கே தெரியாது. கட்டணம் போடும் எடையைத் தூக்கி அப்படியே ஷீட்டில் போடுவது. விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று கன அளவு எடை பார்த்து, அதிலும் நிஜ எடையிலும் எது கூடுதலோ அதற்குத்தான் பணம். 100×40×30 சென்டிமீட்டர் அளவுள்ள ரோஜாப் பெட்டிக்குக் கட்டண எடை 20 கிலோ. தராசில் வைத்தால் 12 கிலோதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 25 பெட்டிகளை முன்னால் ஏற்றினால் காகிதத்தில் 500 கிலோ, விமானத்தில் 300. பின்னால் ஏற்றிய வாகன உதிரிபாகங்களுக்கோ இரண்டு எடையும் ஒன்றுதான். கூடுதலாகத்தானே எழுதியிருக்கிறோம், பாதுகாப்புதானே என்று தோன்றும். அந்தப் பெட்டிகள் சி.ஜி.க்கு 1.2 மீட்டர் முன்னால் இருந்தால், நிஜ சி.ஜி. ஷீட்டில் இருப்பதைவிட 6 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போயிருக்கும். விமானி அந்த ஷீட்டை நம்பித்தான் ட்ரிம் (மூக்கு தானாக ஏறாமல் இறங்காமல் இருக்க வாலில் செய்யும் சமன் அமைப்பு) வைப்பார்.

சி.ஜி. பின்னால் போனால் மூக்கு தானே தூக்கும். விமானி கட்டுப்பாட்டுக் கோலை முழுக்க முன்னால் தள்ளினாலும் வால் இறக்கையின் பலம் போதாமல் போகலாம். மூக்கு ஏற ஏற வேகம் குறையும், இறக்கை தாங்குவதை விட்டுவிடும். மீட்டெடுக்க உயரமும் இருக்காது. 1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் ஃபைன் ஏர் டிசி-8 விழுந்தது இப்படித்தான். பெரிய ஜெட்தான், ஆனாலும் தவறு இதே ரகம். டெனிம் துணி ஏற்றி சாண்டோ டொமிங்கோ கிளம்பியது. சரக்கைத் தவறாக ஏற்றியதால் சி.ஜி. பின்னால் போயிருந்தது, ட்ரிம்மும் அதற்குப் பொருந்தவில்லை. விமானத்தில் இருந்த 4 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள்.

பழைய ஷீட்டைத் திறந்து திருத்துவது

2004 அக்டோபர் 14, கனடாவின் ஹாலிஃபாக்ஸ், எம்கே ஏர்லைன்ஸ் 747. முந்தைய டேக்-ஆஃபின் எடையே கணினியில் தங்கி, 353 டன் விமானத்துக்கு 240 டன்னுக்கான வேகமும் உந்துவிசையும் கணக்கிடப்பட்டிருக்கக்கூடும் என்றது விசாரணை. 7 பேரும் பலி. எப்போதும் வெற்று ஷீட்டிலிருந்து தொடங்குங்கள்.

சென்னையில் ஏறியது இங்கேயும் ஏறும் என்ற நம்பிக்கை

பெங்களூரு ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் நிலையான வெப்பநிலை அந்த உயரத்துக்கு 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 35 டிகிரி என்றால் 26 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் சேர்த்தால், விமானம் 6,000 அடிக்கு மேல் இருப்பதாக நினைத்துத்தான் பறக்கும். காற்றின் அடர்த்தி நிலையான கடல்மட்டக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஓட வேண்டிய தூரம் கூடும், ஏறும் வேகம் குறையும். அன்றைய மணிக்கு, அன்றைய வெப்பத்துக்கு அட்டவணையைப் பாருங்கள். காலை 6 மணிக்கு எடுத்த எண் மதியம் 2 மணிக்குச் செல்லாது.

ஸ்ட்ராப்பை எண்ணுவது, கோணத்தைப் பார்க்காமல்

2,268 கிலோ தாங்கும் ஸ்ட்ராப் (சரக்கை இறுக்கிக் கட்டும் பட்டை) தரைக்கு 60 டிகிரியில் நின்றால், சரக்கு முன்பின் நகராமல் தடுக்க அதில் பாதிதான் மிஞ்சும். 30 டிகிரிக்குச் சாய்த்துக் கட்டினால் ஏறக்குறைய 87 சதவீதம் கிடைக்கும். பின்னோக்கி இழுக்கும் ஸ்ட்ராப், முன்னோக்கி இழுக்கும் ஸ்ட்ராப் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். டேக்-ஆஃபில் சரக்கு பின்னால்தான் தள்ளும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸ் 747-இல் 5 ராணுவ வாகனங்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது ஒன்று கட்டறுத்துப் பின்னால் நகர்ந்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை நகர்த்தும் பொறியையும் சிதைத்தது. 7 பேரும் இறந்தார்கள்.

வால் முட்டு

பின்பாரத்தில் வால் தரையில் இடிக்காமல் தாங்கும் கால் இது. ஏற்றும் முன் போடு, கிளம்பும் முன் எடு. ஏற்றுவது முன்னாலிருந்து, இறக்குவது பின்னாலிருந்து.

நனைந்த சரக்கு

மழையில் நின்ற மரப் பேலட்டை மறுபடி எடை போடவும்.

கிலோவா, பவுண்டா

ஷீட்டின் தலைப்பைப் பார். 2.2 மடங்கு வித்தியாசம்.

கையெழுத்து

கடைசிப் பெட்டி ஏறி, வலை கட்டி, லாக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்த பிறகு மட்டும். லாரியை எதிர்பார்த்துக்கொண்டு முன்கூட்டியே போட்டு வைக்கக் கூடாது.