ஸ்ட்ரிப் செய்த பைனரியில் ஃபங்ஷன்களை அடையாளம் காண்பது எப்படி? கிட்ராவோடு முதல் பயிற்சி

ஸ்ட்ரிப் செய்த (பெயர்கள் நீக்கப்பட்ட) பைனரியை, அதாவது கம்பைல் செய்த நிரல் கோப்பை, அதைப் பிரித்துப் படிக்க உதவும் கிட்ரா என்ற கருவியில் முதன்முதலாகத் திறந்ததும் மலைப்பாகத்தான் இருக்கும். ஃபங்ஷன் பட்டியலில் "ஃபன்_00101189" போன்ற பெயர்கள் வரிசையாக நிற்கும். நிரலின் முதன்மை ஃபங்ஷனான மெயின் எது என்றே தெரியாது. ஆனால் ஸ்ட்ரிப் கட்டளை நீக்குவது பெயர்களையும் டீபக் தகவல்களையும்தான். இயங்கும் கோடில் அது கை வைப்பதில்லை. திரையில் அச்சாகும் வாக்கியங்களும், வெளி லைப்ரரியிலிருந்து அழைக்கும் ஃபங்ஷன்களின் பெயர்களும் மிஞ்சியிருக்கும். நமக்குப் பிடிமானம் அவைதான்.

1. பைனரியைத் தயார் செய்தல்

நீங்களே எழுதிய நிரலில் பழகுங்கள், விடை கையில் இருக்கும். லினக்ஸில் சி மொழியில் ஒரு சின்ன நிரல் போதும்: கடவுச்சொல்லை வாங்கி, தனி ஃபங்ஷன் ஒன்றில் ஸ்ட்ர்கம்ப் (இரண்டு எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் லைப்ரரி ஃபங்ஷன்) கொண்டு ஒப்பிட்டு, "சரி" அல்லது "தவறு" என்பதை ஆங்கிலத்தில் அச்சிடட்டும். ஜிசிசி கம்பைலரில் ஆப்டிமைசேஷன் (கோடை வேகமாக்கும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்யுங்கள்; அதைக் கூட்டினால் சின்ன ஃபங்ஷன் மெயினுக்குள்ளேயே கரைந்துவிடக்கூடும். பிறகு ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் ஸ்ட்ரிப் செய்யுங்கள்.

2. கிட்ராவில் திறத்தல்

புதிய ப்ராஜெக்ட் தொடங்கி நகலை இம்போர்ட் செய்யுங்கள். அனலைஸ் செய்யட்டுமா என்று கேட்டால் சம்மதியுங்கள்.

3. மெயினைப் பிடித்தல்

பட்டியலில் "என்ட்ரி" என்ற பெயர் இருக்கும். நிரல் ஓடத் தொடங்கும் இடம் அது, மெயின் அல்ல. அதைத் திறந்தால் டீகம்பைலரில் (கோடை சி போன்ற வடிவில் காட்டும் பகுதி), மெயினைத் தொடங்கிவைக்கும் லிப்சி ஸ்டார்ட் மெயின் என்ற லைப்ரரி ஃபங்ஷனின் அழைப்பு தெரியும். அதற்குக் கொடுக்கப்படும் முதல் ஆர்குமென்ட்தான் மெயினின் முகவரி. 64 பிட் இன்டெல் லினக்ஸில் முதல் ஆர்குமென்ட் ப்ராசசரின் ஆர்டிஐ ரெஜிஸ்டரில் போகும் என்பதால், ப்ராசசர் கட்டளைகளைக் காட்டும் அசெம்பிளியிலும் சரிபார்க்கலாம். அந்த முகவரியை இருமுறை சொடுக்கி உள்ளே போய், எல் விசையை அழுத்தி "மெயின்" என்று பெயரிடுங்கள்.

4. வாக்கியத்திலிருந்து ஃபங்ஷனுக்கு

பெரிய பைனரியில் மெயினிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போவது சலிப்பான வேலை. எனக்குப் பிடித்தது தலைகீழ் வழி. விண்டோ மெனுவில் டிஃபைண்டு ஸ்ட்ரிங்ஸ் (பைனரியில் உள்ள எழுத்துத் தொடர்கள்) பட்டியலைத் திறந்து, "தவறு" என்று அச்சிடும் வாக்கியத்தைத் தேடுங்கள். அதைச் சொடுக்கினால், அசெம்பிளிப் பகுதியில் அதன் அருகே எக்ஸ்ரெஃப் என்ற குறிப்பு இருக்கும். அந்த வாக்கியத்தை எந்த ஃபங்ஷன் பயன்படுத்துகிறது என்பதை அது காட்டும். நீங்கள் அச்சிட பிரின்ட்எஃப் எழுதிய இடத்தில், அச்சிடும் இன்னொரு ஃபங்ஷனான புட்ஸ் தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஃபார்மட் குறியில்லாத, புது வரியில் முடியும் வாக்கியங்களை ஜிசிசியே அப்படி மாற்றிவிடும்.

அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தால், பெயரில்லாத ஃபங்ஷன் ஒன்றை அழைத்து, அதன் விடையைப் பொறுத்துப் பாதை பிரிவது தெரியும். அதற்குள் ஸ்ட்ர்கம்ப் இருக்கிறதா? கடவுச்சொல் சோதனை அதுதான். ஸ்ட்ர்கம்ப் பூஜ்யம் தந்தால் இரண்டும் ஒன்று என்று பொருள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

5. பெயரும் வகையும்

புரிந்த அளவுக்கு உடனே பெயரிடுங்கள். ஆர்குமென்ட் எழுத்துத் தொடர் என்று தெரிந்தால், கன்ட்ரோல் எல் அழுத்தி வகையை சார் பாயின்டராக (எழுத்துத் தொடரின் முகவரி) மாற்றுங்கள். டீகம்பைலர் காட்டும் கோடு சட்டென்று தெளியும். உறுதியில்லாத பெயருக்கு முன்னால் "ஒருவேளை" என்று சேர்ப்பது என் வழக்கம். ஒருமுறை தவறாக வைத்த பெயரை நம்பி, அதை அழைத்த ஃபங்ஷன்கள் அத்தனையையும் தவறாகப் படித்திருக்கிறேன்.

6. ஒப்பிடுதல்

ஸ்ட்ரிப் செய்யாத மூல பைனரியையும் கிட்ராவில் திறந்து, நீங்கள் வைத்த பெயர்களோடு ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினால், அதே நிரலை ஸ்டாட்டிக்காக (லைப்ரரிக் கோடும் பைனரிக்குள்ளேயே வரும்படி) லிங்க் செய்து, ஸ்ட்ரிப் செய்து மறுபடி முயலுங்கள். இப்போது ஸ்ட்ர்கம்ப், புட்ஸ் ஆகியவற்றின் பெயர்களும் போயிருக்கும். வாக்கியங்களையும் கோடின் போக்கையும் மட்டும் வைத்து அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.